நாடி காட்டும் பொறி

இருதய நாடிகளைப் படம்பிடிக்கும் பொறியொன்று தத்தம் ஊர் மருத்துவமனைக்கு வேண்டுமென்னும் விருப்பம் நம் கல்முனைக் கரையோரத்தில் எழுவது இயல்பே. அவ்விருப்பத்தை யான் மறுக்கவில்லை. அதனைக் கேட்கும் முறை பற்றியே சில சொல்ல விழைகின்றேன்.

நாடி என்னுஞ் சொல்லை நம் பாடநூல்கள் இருதயத்தினின்று குருதி கொண்டுசெல்லும் குழாய்க்கு வழங்குகின்றன. தமிழகத்தார் தமனி என்பர். வைத்தியர் விரல் வைத்துப் பார்க்கும் துடிப்பும் நமக்கு நாடியே. விரலால் அறிந்ததைக் கண்ணாற் காண 1927இல் வழிகண்டவர் லிஸ்பன் நகரத்து எகாஸ் மொனிஸ். அவர் படம்பிடித்தவை மூளையின் நாடிகள். 1929இல் வேர்னர் போர்ஸ்மன் என்னும் ஜெர்மானிய இளமருத்துவர், தம் கை நாளத்தின் வழியே மெல்லிய குழாயொன்றைத் தாமே இருதயம்வரை செலுத்திக் கதிர்ப்படமும் எடுத்துக்கொண்டார். அன்று கிடைத்தது ஏச்சு. நோபல் பரிசு வந்ததோ 1956இல்.

அத்துணிவின் வழிவந்த பொறி இன்று பெருவாணிகப் பொருள். ஜெர்மனியின் சீமென்ஸ், ஒல்லாந்தின் பிலிப்ஸ், அமெரிக்காவின் ஜீ. ஈ., 2016இல் தோஷிபாவின் மருத்துவப் பிரிவை வாங்கிய யப்பானியக் கனொன் ஆகியன இச்சந்தையில் முன்னிற்பவை. பொறியை விற்றதோடு அவர்தம் வாணிகம் முடிவதில்லை. பழுதுபார்க்கும் ஒப்பந்தம் உண்டு. நோயாளி ஒவ்வொருவர்க்கும் புதுக்குழாயும் அயடீன் சாயமும் வேண்டும். மருதமுனையார்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. தறி ஒருமுறை வாங்குவது. நூலோ நெய்யுந்தோறும் வாங்குவது.

நூல் அறுந்தால் என்னாகும் என்பதை 2022 காட்டிற்று. பெருந்தொற்றால் ஷாங்காய் நகர் அடைக்கப்பட, அங்குள்ள ஜீ. ஈ. ஆலையின் சாய உற்பத்தி குன்றியது. செல்வம் மிக்க அமெரிக்க மருத்துவமனைகளே அவசரமல்லாச் சோதனைகளைத் தள்ளிவைத்தன. அவ்வாண்டு ஏப்ரலிலேதான் நம் அரசும் வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்தியது. மருந்துக்கே டொலர் தேடிய நாள்கள் அவை.

பிறிதொரு மாற்றமும் நோக்கத்தக்கது. இருதயம்வரை குழாய் செலுத்தாது, நாளத்திற் சாயமேற்றிச் சீ. ரீ. பொறியால் நாடிகளைக் காணும் முறை பரவி வருகின்றது. விட்டுவிட்டு வரும் நெஞ்சுவலியை ஆராய இங்கிலாந்தின் வழிகாட்டு நெறி 2016இல் இதற்கே முதலிடம் தந்தது. சீ. ரீ. பொறி பல நோய்க்கும் உதவும். சிறிய ஊருக்கு ஏற்றது எதுவெனக் கேட்போர் இதனையும் எண்ணுதல் நன்று. ஆயினும் நாடி திடீரென அடைபட்டார்க்குப் படம் மட்டும் போதாது. அடைப்பைத் திறக்கக் குழாயே வேண்டும், அதுவும் நிமிடக் கணக்கில். நள்ளிரவில் அக்குழாயைச் செலுத்தும் வைத்தியரும் உடனிற்கும் தாதியரும் தொழினுட்பவியலாளரும் இல்லாவிடின் பொறி பூட்டிய அறைக்குள் உறங்கும். நாடா வெட்டும் படம் மட்டும் பத்திரிகையில் வந்திருக்கும்!

ஆதலின் அமைச்சருக்கு மனு எழுதுவோர் பொறியின் பெயரோடு ஐந்தாண்டுப் பராமரிப்பையும், ஆண்டுதோறும் வேண்டிய குழாய், சாயம் என்பவற்றையும், இரவுக் கடமைக்குரிய ஆளணியையும் எழுதுக. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் இளைஞரிடம் நன்கொடை திரட்டுவோரும், பொறியின் விலையைச் சொல்லும்போதே நூலின் விலையையும் சொல்லிவிடுக.