ஏற்காட்டு மலைக்கு முகாம் கணக்கு போதாது

மே மாதம் வந்தால் ஏற்காட்டில் கோடை விழா. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, துறைக்கொரு அரங்கு. நடுவே ‘கொழு கொழு குழந்தைகள் போட்டி’ என்று ஒன்றும் நடக்கிறது. வயதுக்கேற்ற எடை, தடுப்பூசி எல்லாம் பார்த்தே பரிசு என்று விளக்கம் சொல்லப்படும். கூட்டத்தில் நிற்கும் தாய்க்கு அந்த விளக்கமா போய்ச் சேரும்? கன்னம் உப்பிய பிள்ளைதான் ஆரோக்கியமான பிள்ளை என்ற பழைய எண்ணத்துக்கு அரசே முத்திரை குத்தியதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். ஊட்டச்சத்து மாதம் கொண்டாடுகிற அதே நிர்வாகம் இதையும் நடத்துகிறது. பிறகு ‘மலைவாழ் மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது’ என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்புகிறது.

ஏற்பட்டதை யார் அளந்தார்கள்? எதை வைத்து?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் 67 கிராமங்களுக்கும் சுகாதாரத் துறையிடம் கணக்குக்குப் பஞ்சமில்லை. முகாம் எத்தனை, வந்தவர் எத்தனை, மாத்திரை எத்தனை, பேரணியில் நடந்த மாணவர் எத்தனை, எல்லாம் இருக்கும். ஃப்ளெக்ஸ் பேனருக்கு முன் எடுத்த படமும் இணைக்கப்பட்டிருக்கும். கேட்டவர்களுக்கு என்ன புரிந்தது, போன ஆண்டைவிட இந்த ஆண்டு என்ன கூடியது என்பதற்கு மட்டும் அந்தப் படிவங்களில் கட்டமே கிடையாது. இது மறதியில் விடுபட்டதல்ல. கேட்டால் என்ன பதில் வரும் என்ற தயக்கத்தில் கேட்காமல் விடப்பட்டது என்றே நாம் கருதுகிறோம்.

தேசியக் குடும்பநல ஆய்வு இருக்கிறதே என்று பதில் சொல்ல வேண்டாம். அதன் மிகச் சிறிய அலகு மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34.82 லட்சம்; அந்தப் பெருங்கூட்டத்தின் சராசரியில் மலைமேல் இருப்பவர்கள் கரைந்துபோகிறார்கள். மாவட்டத்தின் எழுத்தறிவு 72.86 சதவீதம் என்பதும் உதவாது. கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் அச்சிட்ட மாத்திரை அட்டை விளங்கிவிடும் என்று யார் சொன்னது?

அளக்கத் தெரியாத அரசும் அல்ல இது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்குவதற்கு முன்பே, 2020இல் மாநில அளவில் ஓர் ஆய்வு நடந்தது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்றில் அந்த அளவு சுமார் 17 சதவீதம் ஆனது. முன்னும் பின்னும் ஒரே அளவுகோலால் பார்த்ததால்தான் அந்த ஏற்றத்தைச் சொல்லிப் பெருமைப்பட முடிந்தது. சீனா இதையே மக்களின் சுகாதார அறிவுக்குச் செய்கிறது: 2008இல் 6.48 சதவீதம், 2022இல் 27.78 சதவீதம். முதல் எண் தலைகுனிவைத் தருவதுதான். ஆனாலும் வெளியிட்டார்கள்.

எப்படி அளப்பது என்பதிலும் எச்சரிக்கை தேவை. ஐரோப்பாவில் பரவலாகப் பயன்படும் 47 கேள்விப் பட்டியல், ‘இது உங்களுக்கு எளிதா, கடினமா’ என்று கேட்கிறது. அதை அப்படியே தமிழாக்கிக்கொண்டு செம்மநத்தத்துக்கோ மாரமங்கலத்துக்கோ போனால், ஜீப்பில் வந்தவரிடம் யாரும் ‘கடினம்’ என்று சொல்லப்போவதில்லை. ‘சரிங்க’ என்பார்கள், ‘தெரியுமுங்க’ என்பார்கள். அந்த மரியாதையை மதிப்பெண்ணாகப் போட்டுக்கொள்வது மோசடி.

செய்து காட்டச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்குக்கு என்ன தருவீர்கள் என்றால், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கையில் கொடுத்து, கலக்கிக் காட்டுங்கள் அம்மா என்று கேளுங்கள். பெரிய பொட்டலம் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. வீட்டில் லிட்டர் படி ஏது? சொம்பும் டம்ளரும்தான். பாதிப் பொட்டலம் ஒரு டம்ளரில் விழுந்தால் உப்பு மிஞ்சிக் குழந்தைக்கே கேடு. எத்தனை டம்ளர் என்று இதுவரை யாராவது அந்த வீட்டுப் பாத்திரத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்களா என்பது ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவாரா, இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு எங்கே போவார், ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தலைசுற்றல் நின்றதும் நிறுத்திவிடுவாரா என்பதையும் இப்படிப் பேச்சிலும் செயலிலுமே பார்க்கலாம்.

இதைவிட நுட்பமான இடமும் உண்டு. பழங்குடியினருக்கான அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. அதில் இடம்பெற்ற 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பரிசோதித்தவர் எண்ணிக்கை உடனுக்குடன் வெளிவருகிறது. மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்லர். கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்களானால், ஒவ்வொரு கருவிலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்த வேறுபாடு விளங்காமல் கையில் பரிசோதனை அட்டை மட்டும் கிடைத்தால், ‘ரத்தத்தில் கோளாறு’ என்று ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும். அட்டை வாங்கியவரிடம் ஆறு மாதம் கழித்துப் போய், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதல்லவா உண்மையான கணக்கெடுப்பு?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மதிப்பெண் குறைந்தால் ‘படிக்காத ஜனங்கள்’ என்று மலையாளி பழங்குடியினர் மேலும் காப்பித் தோட்டத் தொழிலாளர் மேலும் பழி போட விடமாட்டோம். விளங்காமல் போனால் குற்றம் விளக்கியவருடையது.

எனவே சேலம் மாவட்ட நிர்வாகமும் பொது சுகாதாரத் துறையும் உடனே திருத்திக்கொள்ள வேண்டும். ‘விழிப்புணர்வு ஏற்பட்டது’ என்ற வரியை, அளந்த எண் இல்லாத அறிக்கைகளில் எழுதுவதை நிறுத்துங்கள். இந்த ஆண்டுக்குள் அடிப்படை ஆய்வு ஒன்றை நடத்துங்கள்: மலைக் கிராமத்தார், தோட்டத் தொழிலாளர், ஏற்காடு நகரத்தார் எனத் தனித்தனியாக, வாய்மொழியாக, மலை மக்கள் பேசும் தமிழிலேயே. முகாம் நடத்தியவர்களே தேர்வாளர்களாகவும் இருக்கக் கூடாது. மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையிடம் ஒப்படைக்கலாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதே கேள்விகள் திரும்பக் கேட்கப்பட வேண்டும். முடிவுகள் சென்னைக்குப் போகுமுன் நாகலூரிலும் வெள்ளக்கடையிலும் மஞ்சக்குட்டையிலும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். ஆய்வு எந்தத் தேதியில் தொடங்கும் என்பதை ஆட்சியர் அலுவலகம் அறிவிக்கட்டும்.