மணித்தியாலத்துக்கு எவ்வளவு வருது?

"மகள் இப்ப என்ன செய்யிறா?" என்று யாராவது கேட்டால், அம்மாவின் பதில் ஒன்றுதான்: "அவள் வீட்டிலதான் நிக்கிறாள், கொம்பியூட்டரில ஏதோ செய்யிறாள்." அந்த "ஏதோ"வில்தான் எங்கட வீட்டுக் கரண்ட் பில்லும் அப்பாவின் மருந்துச் செலவும் போகுது. ஆனாலும் அம்மாவில் பிழை சொல்ல மாட்டேன். நான் செய்வதை என்னவென்று சொல்வது என்று கன நாளாக எனக்கே தெரியவில்லை.

2025 தொடக்கத்தில் நான் வேலை செய்த தனியார் நிறுவனம் தன் யாழ்ப்பாணக் கிளையை மூடியது. அங்கே எனக்கு 4 வருசமும் 8 மாதமும். பணிக்கொடை கிடைக்க 5 வருசம் முடிந்திருக்க வேண்டும் என்பதைக் கடைசிக் கிழமையில்தான் விளங்கிக்கொண்டேன். ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் இருந்த காசை எடுத்து இரண்டு மாதம் சமாளித்தோம். அதற்குள் 30 இடத்துக்குமேல் விண்ணப்பம் போட்டேன். இரண்டு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒன்றும் சரிவரவில்லை.

பிறகு ஒரு சிநேகிதி சொல்லித்தான் ஒன்லைனில் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலைக்கு வந்தேன். பெரும்பாலும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே வந்து எடுத்த தமிழ் நேர்காணல்கள். முதல் வேலைக்கு 5 டொலர். பைவர் தளம் நூற்றுக்கு 20 வீதம் கழிக்கும், ஆகவே கைக்கு 4 டொலர். நான் தொடங்கும்போது பேபாலில் இலங்கையில் இருந்து காசு அனுப்பலாம், ஆனால் வாங்க முடியாது. அதனால் பயோனியர் கணக்குத் திறந்து, அதை வங்கிக் கணக்கோடு இணைத்து, அந்தக் காசு வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலானது. ஆனாலும் வந்த அன்று நான் அழுதேன். வேலை போனபிறகு நானாக உழைத்த முதல் காசு அது.

இந்தக் கட்டத்தில்தான் எல்லாரும் கதையை முடிப்பார்கள்: விழுந்தாள், எழும்பினாள், வென்றாள். எனக்கு அதில்தான் பிரச்சினை.

போன வருசம் எங்கட மதில் கட்ட வந்த மேசன் அண்ணை, நான் இரவு பகலாக இருந்து தட்டுவதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளை, மணித்தியாலத்துக்கு எவ்வளவு வருது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாதத்துக்கு எவ்வளவு என்று சொன்னேன். அவர் சிரித்தார். "நானும் முந்தி அப்பிடித்தான். மொத்தமாப் பேசி கொன்றாக்ட் எடுத்து, கடைசியில என்ர கைக்காசைப் போட்டு மற்றவைக்கு வீடு கட்டிக் குடுத்தனான்."

அன்று இரவே ஒரு சீஆர் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். ஒரு மாதம் முழுக்க எழுதினேன். தளத்தின் கழிவு போகக் கைக்கு வந்தது 210 டொலர். டொலர் 300 ரூபாய்க்குக் கிட்ட நின்றதால் ஏறத்தாழ 63,000 ரூபாய். தட்டச்சுக்குப் போனது 152 மணித்தியாலம். ஆனால் வேலை தேடினது, செய்திகளுக்குப் பதில் போட்டது, "இதை மட்டும் ஒருக்கா மாத்தித் தாங்கோ" என்றதற்குத் திரும்பச் செய்தது எல்லாம் சேர்த்து இன்னும் 68. மொத்தம் 220 மணித்தியாலம். டேட்டா, கரண்ட் செலவு 5,000ஐக் கழித்தால் மிச்சம் 58,000. மணித்தியாலத்துக்கு 260 ரூபாய் சொச்சம்.

என் பழைய சம்பளமும் அதே 58,000தான். அப்ப சமன் என்று நினைத்தேன். இல்லை. வேலையில் இருக்கும்போது என் சம்பளத்துக்கு மேலதிகமாக முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் கட்டினார். 58,000க்கு அது 8,700 ரூபாய். அந்தக் காசை நான் ஒருநாளும் கையால் தொட்டதில்லை, அதனால் அது இல்லாமல் போனதும் தெரியவில்லை. காய்ச்சல் வந்து படுத்த நாளுக்கும் அப்ப சம்பளம் வந்தது. இப்ப மூன்று நாள் படுத்தால் மூன்று நாள் காசு இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்தபிறகுதான் நான் செய்வதற்குப் பெயர் கிடைத்தது. இது கூலி வேலை. பீடி சுற்றுகிறவருக்கு எண்ணிக்கைக்குக் காசு, வீட்டில் தைக்கிற அக்காவுக்குச் சட்டைக்குக் காசு, எனக்கு நிமிசத்துக்குக் காசு. ஒலிப்பதிவில் ஒரு தாய் பேச முடியாமல் அழுகிற நிமிசத்துக்கும் அதே காசுதான்.

கூலி வேலை என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அப்படிச் சொல்லாமல் விடுவதால்தான் எங்களை இரண்டு பக்கத்தாலும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு பக்கம் வீடும் ஊரும். வெளிக்கிட்டு ஒபிசுக்குப் போகாததால் நாங்கள் "சும்மா" இருக்கிற ஆக்கள். அதிலும் பெண் பிள்ளை என்றால் சொல்லத் தேவையில்லை. வேலைக்கு நடுவில் கடைக்குப் போ, மாமி வாறா தேத்தண்ணி போடு. என் 220 மணித்தியாலத்தில் பாதிக்கு மேல் இரவு பத்து மணிக்குப் பிறகு ஏன் வருது என்பதற்குக் காரணம் இதுதான்.

மற்றப் பக்கம் "உங்களுக்கு நீங்களே முதலாளி" என்று சொல்கிறவர்கள். வீட்டிலிருந்தே மாதம் மூன்று லட்சம் என்று பேஸ்புக்கில் விளம்பரம் போட்டு வகுப்புக்குக் காசு வாங்குவார்கள். அவர்கள் காட்டுவது மொத்த வருமானம், மணித்தியாலத்தை யாரும் காட்டுவதில்லை. இன்னும் மோசமானது ரெலிகிராமில் வரும் "லைக் பண்ணினால் காசு". முதல் இரண்டு நாள் உண்மையாகவே சின்னத் தொகை போடுவார்கள். நம்பினபிறகு "பெரிய வேலைக்குக் கொஞ்சம் வைப்பிலிடுங்கோ" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அப்படி 45,000 விட்டான். வேலை தருகிறேன் என்று சொல்கிறவர் முதலில் உங்களிடம் காசு கேட்டால் அந்த இடத்திலேயே விலகுங்கோ. எந்த மேசனும் வேலைக்குப் போக வீட்டுக்காரருக்குக் காசு கட்டுவதில்லை.

கணக்கு எழுதுவதால் என்ன பயன் என்று கேட்பீர்கள். எனக்குக் கிடைத்த பயனைச் சொல்கிறேன். இப்ப சிலர் இயந்திரத்தால் எழுத்தாக்கின பிரதியை அனுப்பி, "திருத்தினால் போதும், பாதிக் காசு" என்கிறார்கள். எங்கட ஊர்ப் பேச்சு அதற்குச் சரியாகப் பிடிபடாது. "பேந்து", "உவர்", "கதைச்சவை" எல்லாம் வேறு என்னவோவாக வரும். திருத்த எடுக்கும் நேரம் புதிதாகத் தட்டும் நேரத்துக்குக் கிட்டத்தட்ட சமன். கொப்பியில் நேரம் இருந்ததால் அதைக் காட்டி முழுக் காசு கேட்டேன். ஒருவர் போய்விட்டார். ஒருவர் சம்மதித்தார். முந்தியென்றால் இரண்டு பேருக்கும் பாதிக் காசுக்குச் செய்திருப்பேன்.

அரசுக்கும் ஒரு கதை இருக்கு. 2025 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவருக்குச் சேவை செய்து வரும் வருமானத்துக்கும் வரி உண்டு, உச்சம் 15 வீதம். வருசத்துக்கு 18 லட்சம் வரை விலக்கு என்பதால் என்னைப் போன்றவர்களுக்கு இப்போதைக்கு அது பொருந்தாது. வரி கேட்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் வரிக்கு எங்கள் உழைப்பைக் கண்டுபிடிக்கிற அரசு, முதுமைக்கும் நோய்க்கும் அதே உழைப்பைக் கணக்கில் எடுக்க வேணும். சுயதொழில் செய்கிறவர்கள் சேரக்கூடிய ஓய்வூதியத் திட்டம் சமூகப் பாதுகாப்புச் சபையிடம் இருக்கு. மடிக்கணினியோடு இருக்கிற பிள்ளையையும் தேடிப்பிடித்து அதில் சேர்க்கலாம்தானே? அதுவரை பார்த்துக்கொண்டு இருக்காமல் பிரதேச செயலகத்தில் நீங்களாகப் போய் விசாரியுங்கோ.

இந்த வேலையை விடுங்கோ என்று சொல்ல வரவில்லை. வேலை போன வீட்டுக்கு 63,000 ரூபாய் சின்னக் காசு இல்லை. நானும் விடப்போவதில்லை. தொடங்கப் போகிற தம்பி தங்கச்சிக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: முதல் வேலை எடுக்கும் அன்றே ஒரு கொப்பியும் வாங்குங்கோ. தொடங்கின நேரம், முடிச்ச நேரம், வந்த காசு. மாதக் கடைசியில் பிரித்துப் பாருங்கோ.

போன கிழமை அந்தக் கொப்பியை அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாகப் பார்த்தா. "இரவு ரெண்டு மணி எண்டு போட்டிருக்கு?" என்று கேட்டா. ஓம் என்றேன். அடுத்த நாள் காலமை கேற்றடியில் பக்கத்து வீட்டு மாமி என்னைக் கூப்பிட, அம்மா சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது: "அவள் வேலையில நிக்கிறாள். மத்தியானம் வாங்கோவன்."