பாதி டிக்கெட்டின் சொந்தக்காரர் யார்?

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தவுடன், "ஆகா, என்ன குளுமை!" என்று கையை விரித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் ஒரு வகை. எலுமிச்சம் பழத்தை முகர்ந்தபடி ஜன்னலோரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த தெய்வங்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிடுகிறவர்கள் இன்னொரு வகை. நான் சொல்ல வந்த விவகாரம் இரண்டாவது வகையைச் சேர்ந்த ஒரு ஆறு வயதுக் குழந்தையால் ஆரம்பித்தது.

மே மாதம். கோடை விழாக் கூட்டம். படகுத்துறையில் வரிசை நீண்டு கிடந்தது. அண்ணா பூங்காவில் பூவைவிடத் தலைகள் அதிகம். அந்தக் கூட்டத்துக்குப் பயந்துதான், கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு தனியார் கேளிக்கை மைதானத்துப் பக்கம் ஒதுங்கினேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. எனக்குச் சண்டை ஒரு கொள்கையோடுதான். ஒரு முதலாளியோடு அல்ல. ராட்டினம், கயிற்றில் தொங்கிக்கொண்டு இந்த மேட்டிலிருந்து அந்த மேட்டுக்குப் போவது, பேய் வீடு என்று ஆறு விளையாட்டுகள் அங்கே இருந்தன. ஆறுக்கும் சேர்த்து 300 ரூபாய்க்கு ஒரு அட்டை. அட்டையில் ஆறு கட்டம். ஒவ்வொரு விளையாட்டு முடிந்ததும் ஒரு கட்டத்தில் ஓட்டை போடுவார்கள்.

ஆத்தூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர், மனைவியும் பெண் குழந்தையுமாக வெளியே வந்தார். குழந்தைக்குக் கொண்டை ஊசி வளைவின் மயக்கம் இன்னும் தெளியவில்லை. போதாததற்கு ராட்டினம் வேறு. தாயாரின் தோளில் துவண்டு கிடந்தது. அட்டையில் இரண்டு ஓட்டை, நான்கு கட்டம் பாக்கி. டிக்கெட் ஜன்னலில் போய், மிச்சத்துக்குப் பணம் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது. நாளைக்கு வந்தால் செல்லுமா? செல்லாது. இன்று மாலை 6 மணியோடு அட்டைக்கு ஆயுள் முடிந்தது.

வேலிக்கு வெளியே காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் தம் பையனோடு நின்றுகொண்டிருந்தார். சேர்வராயன் மலையின் பூர்வ குடிகளான மலையாளிகள் சமூகத்தைச் சேர்ந்தவர். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். பையன் கம்பி வேலியில் நெற்றியை அழுத்தி ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எவ்வளவு நேரமாக அப்படி நின்றிருந்தான் என்பது நெற்றியில் விழுந்திருந்த தழும்பிலேயே தெரிந்தது.

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்த இடத்தில் தரகு வேலை பார்த்தவன் நான்தான். "ஏன் ஸார், அந்த அட்டையை இந்தப் பையனுக்குக் கொடுத்துவிடலாமே?" என்றேன். ஆத்தூர்க்காரர் தயங்கினார். பிறகு, "எண்பது ரூபாய் கிடைச்சாப் போதும் ஸார், பஸ் காசாவது ஆகும்" என்றார். கணக்குப்படி நான்கு கட்டத்தின் விலை 200 ரூபாய். தோட்டத்துக்காரர் மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார். "செல்லுமுங்களா?" என்று என்னைத்தான் கேட்டார். "ஏன் செல்லாது? காசு கொடுத்து வாங்கியதுதானே!" என்று தைரியம் சொன்னேன்.

வாசலில் இருந்த பையனுக்கு இருபது வயதுகூட இராது. அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அட்டையை வாங்கி இரண்டாகக் கிழித்துப் பெட்டியில் போட்டான். "இது இவங்களுக்குக் கொடுத்தது இல்லீங்க" என்றான். அதற்குள் ஆத்தூர்க்காரர் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். எண்பது ரூபாய் போனது யாருக்கு? முந்நூறு ரூபாய் வாங்கியவருக்கும் நஷ்டமில்லை; இரண்டு விளையாட்டு விளையாடிவிட்டு இறங்கியவருக்கும் பெரிய நஷ்டமில்லை. ராட்டினத்தில் ஏறவே ஏறாத ஒருவர் தண்டம் கட்டினார்.

மானேஜரைப் பார்த்தேன். மரியாதையான மனிதர், காப்பிகூடக் கொடுத்தார். அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். "மாற்றத்தக்கதல்ல" என்று போட்டிருந்தது, கடுகை நான்காக நறுக்கினால் வருமே அந்த அளவு எழுத்தில். "எங்கள் நிபந்தனையைப் படித்துவிட்டுத்தானே ஸார் வாங்குகிறார்கள்?" என்றார். அந்த எழுத்தைப் படிக்கக் கூடிய கண் உள்ளவர் முன்பக்கத்து விலையைப் பார்த்தே ஓடியிருப்பார் என்று சொல்ல நினைத்தேன். காப்பி நன்றாக இருந்தபடியால் சொல்லவில்லை.

மலையிலிருந்து இறங்கிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மிச்சமிருந்த நான்கு கட்டமும் யாருடைய சொத்து?

நம் ஊர்ச் சாப்பாட்டு ஹோட்டல்காரர்கள் இதற்கு என்றைக்கோ பதில் சொல்லிவிட்டார்கள். அளவில்லாச் சாப்பாடு என்றால் ஒரு இலைக்கு ஒரு ஆள். நான் பாதி சாப்பிட்டுவிட்டு, மீதி இலையில் என் மைத்துனனை உட்கார வைக்க முடியாது. வைத்தால் சர்வர் மட்டுமல்ல, பக்கத்து இலைக்காரரும் சிரிப்பார். ஏனென்றால் அங்கே விலை போட்டிருப்பது ஒரு வயிற்றை உத்தேசித்து. அளவுச் சாப்பாட்டின் சமாசாரம் வேறு. பொட்டலம் கட்டி வாங்கிவிட்டால் அதை நான் சாப்பிடலாம், வழியில் ஒருவருக்குக் கொடுக்கலாம், அகோரப் பசிக்காரர் கிடைத்தால் விற்கவும் விற்கலாம். "தயிர் சாதத்தை உங்களுக்குத்தானே கொடுத்தேன், அவர் எப்படிச் சாப்பிடலாம்?" என்று எந்த ஹோட்டல் முதலாளியும் பின்னால் ஓடி வந்ததில்லை.

ஏற்காட்டு மைதானத்து அட்டை அளவுச் சாப்பாடு. கட்டம் கட்டமாக எண்ணி, ஓட்டை போட்டுக் கணக்கு வைத்து விற்றது. விற்கும்போது அளவுச் சாப்பாடு, மிச்சம் வந்தால் மட்டும் அளவில்லாச் சாப்பாட்டின் சட்டம் என்றால், அது என்ன நியாயம்?

இந்தத் தகராறு நம் ஊரோடு நின்றதல்ல. அமெரிக்காவில் 1955-ஆம் ஆண்டு டிஸ்னிலாந்தைத் திறந்தார்கள். அந்த ஆண்டே விளையாட்டுகளைத் தரம் பிரித்து, சீட்டுகளைப் புத்தகமாகக் கட்டி விற்க ஆரம்பித்தார்கள். 'ஏ' சீட்டுக்கு மட்டமான சவாரி. 1959-இல் வந்த 'ஈ' சீட்டுக்கு மிக உயர்ந்த சவாரி. ஜனங்கள் 'ஈ' சீட்டுகளை முதலில் தீர்த்துவிட்டு, 'ஏ' சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தார்கள். 1982-இல் அந்த முறையை எடுத்துவிட்டு, ஒரே நுழைவுச் சீட்டில் எல்லாச் சவாரியும் என்று ஆக்கினார்கள். அளவுச் சாப்பாடு அளவில்லாச் சாப்பாடாயிற்று.

அதன் பிறகு தகராறு கட்டத்திலிருந்து நாளுக்கு மாறியது. பல நாளுக்குச் சேர்த்து வாங்கிய சீட்டில் இரண்டு நாள் மிச்சமிருந்தால், ஊருக்குத் திரும்புகிறவர் அதை விற்கத்தானே பார்ப்பார்? அப்படி மிச்ச நாட்களை வாங்கி விற்பதற்கென்றே ஆட்கள் கிளம்பினார்கள். ஃபுளோரிடா மாகாணத்தில் இதற்குத் தனியாக ஒரு சட்டமே இருக்கிறது. ஒரு தடவை உபயோகித்த, மாற்றத்தக்கதல்ல என்று அச்சிட்ட பல நாள் சீட்டை வியாபாரமாக விற்றால் குற்றம். முதல் தடவைக்கே 60 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அது போதாதென்று, வந்தவரே மறுபடி வருகிறாரா என்று பார்க்க நுழைவாயிலில் விரலைப் பதியச் சொல்லும் யந்திரமும் வந்தது. பத்திரப் பதிவு ஆபீஸில் கை நாட்டு வைப்பதை நாம் அறிவோம். ராட்டினத்தில் ஏறுவதற்குக் கை நாட்டு வைக்க வேண்டியிருக்கும் என்று நம் பாட்டனார்கள் கனவு கண்டிருப்பார்களா?

எதிர்க் கட்சியிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது யோக்கியமாகாது. பல நாள் சீட்டில் நாள் கூடக்கூட ஒரு நாளைய விலை குறைந்துகொண்டே வரும். ஐந்தாவது நாள் ஏறக்குறைய இனாமாகக் கிடைப்பது, அதே மனிதர் ஐந்தாவது நாளும் களைத்துப்போய் வருவார் என்பதற்காக. அந்த மலிவான நாளைப் புதிதாக வந்த ஒருவருக்கு விற்றால், அவர் முதல் நாள் விலை கொடுக்காமல் தப்பிவிடுகிறார். ரயில் ஸீஸன் டிக்கெட்டும் இப்படித்தான். தினமும் போகிற ஒருவருக்காகச் சலுகை கொடுத்த சீட்டை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்புவது தப்பு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சலுகை ஆளுக்குக் கொடுத்தது. ஆளோடுதான் போக வேண்டும்.

ரயில்வேக்காரர்கள் இந்த விஷயத்தில் கண்டிப்பானவர்கள். போக வர டிக்கெட்டின் ஒரு பாதியை விற்பதை 1890-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டத்திலேயே தடுத்துவிட்டார்கள். 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 142-ஆவது பிரிவும் அதையே சொல்லுகிறது. மூன்று மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். வாங்குகிறவருக்கும் தண்டனை உண்டு. ஆனால், அதே ரயில்வே ஒரு கதவைச் சாத்திவிட்டு மற்றக் கதவுகளைத் திறந்து வைத்திருப்பதையும் பார்க்க வேண்டும். போகவில்லை என்றால் டிக்கெட்டை ரத்து செய்து, பிடித்தம் போக மிச்சத்தை வாங்கிக்கொள்ளலாம். 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தால் தாய் தகப்பன், உடன்பிறந்தார், கணவன் மனைவி, பிள்ளைகளில் ஒருவர் பெயருக்கு மாற்றித் தருவார்கள். ஒரே வண்டியில் போகிறவர்கள் ஸீட்டை மாற்றிக்கொள்ளவும் சட்டமே இடம் கொடுக்கிறது. விற்காதே என்று சொல்கிறவர், திருப்பி வாங்கிக்கொள்ளும் கடமையையும் ஏற்கிறார். என் ஏற்காட்டு மானேஜர் முதல் பாதியை மட்டும் ரயில்வேயிடமிருந்து கற்றுக்கொண்டார்.

நான் நாவல் எழுதுகிறவன். என் தொழிலிலும் இந்த வழக்கு வந்து தீர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பதிப்பகம், 'தி காஸ்ட்அவே' என்ற நாவலை வெளியிட்டது. ஒரு டாலருக்குக் குறைத்து எந்தக் கடையிலும் விற்கக் கூடாது என்று புத்தகத்துக்குள்ளேயே அச்சடித்தது. மேஸி என்ற பெரிய கடைக்காரர்கள் அதை 89 செண்டுக்கு விற்றார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஒரு தடவை விற்றுவிட்டால் அந்தப் பிரதியின் மேல் அப்படி அதிகாரம் செலுத்தப் பதிப்புரிமை இடம் கொடுக்கவில்லை என்று 1908-இல் தீர்ப்பாயிற்று. புத்தகச் சட்டம் ராட்டினத்துக்கு அப்படியே பொருந்தாது. வக்கீல்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் அதிலுள்ள மனோபாவம் பொருந்தும். 1985-இல் எரிந்து போகும் வரை சென்னை மூர் மார்க்கெட்டில் எத்தனை நாவல்கள் நாலு கை மாறியிருக்கும்! நாற்பதாம் பக்கத்தில் மடித்த காது அப்படியே இருக்க, என் நாவல் ஒன்றைப் பிளாட்பாரத்தில் நானே பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அந்த வாசகரால் தாக்குப் பிடிக்க முடியவில்லை போலும். மனம் நொந்தது வாஸ்தவம். ஆனாலும், மிச்சத்தை விற்க அவருக்கு என்ன உரிமை என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்து வாங்குகிறவராவது நாற்பத்தோராம் பக்கத்தைத் தாண்டட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

மானேஜர் கடைசியாக ஒரு பிரம்மாஸ்திரம் எடுத்தார். "இதை அனுமதித்தால் தரகர்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள், ஸார்." உண்மை. உட்காருவார்கள். சோர்ந்து வருகிற தாய்மாரிடம் பத்துக்கும் இருபதுக்கும் பிடுங்கி, உள்ளே போகிறவர்களிடம் நூறுக்கு விற்பார்கள். கிழிந்த அட்டையை ஒட்டி விற்கிற மேதாவிகளும் வருவார்கள். ஆனால் தரகர் எங்கே முளைக்கிறார்? ஜன்னல்காரர் வாங்க மறுக்கிற இடத்தில்தானே? அந்த நான்கு கட்டத்தையும் டிக்கெட் ஜன்னலிலேயே பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளட்டும். ஆத்தூர்க்காரருக்கு 100 ரூபாய் கிடைத்திருக்கும், தரகருக்கு அங்கே என்ன வேலை?

இதை அவர் செய்யமாட்டார். ஏனென்றால், நூறு குழந்தைகள் வந்தால் ஆறு கட்டத்தையும் தீர்க்காமல் போகிறவர்கள் கணிசமாக இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அது அவருடைய வரவு செலவுக் கணக்கில் முன்கூட்டியே ஏறிய லாபம். சேர்வராயன் மலையில் மே மாதத்துப் பிற்பகல் மழை வேறு அவருக்குப் பங்காளி. மழை பிடித்தால் கயிற்றையும் ராட்டினத்தையும் நிறுத்திவிடுவார்கள். 6 மணி மட்டும் நிற்காமல் வந்துவிடும். சிறைத் தண்டனை வரை போன அதே அமெரிக்காவில், பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றால் சீட்டின் துண்டைக் காட்டி வேறு நாள் வந்து பார்க்கலாம் என்ற வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. விரல் பதிக்கும் யந்திரத்தை இறக்குமதி செய்ய நாம் துடிப்போம். மழைச் சீட்டு மட்டும் நமக்குக் கப்பலேறி வருவதில்லை.

வாசலில் நின்ற பையனைப் பற்றி எனக்குக் கோபமில்லை. அட்டையைக் கிழிக்காவிட்டால் அவனுடைய கூலியைக் கிழிப்பார்கள். அவனும் அந்த மலையில் பிறந்தவன்தான். தோட்டத்துக்காரரை அவனுக்குப் பெயர் சொல்லித் தெரிந்திருந்தது.

எண்பது ரூபாயை நான் தோட்டத்துக்காரரிடம் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி எண்ணிப் பார்த்து மடியில் கட்டிக்கொண்டார். அதுதான் சரி. புது அட்டை வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாமுங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன்" என்றார். பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு இருவரும் தோட்டத்துப் பாதையில் இறங்கி, சவுக்கு மரங்களுக்குப் பின்னால் மறைந்தார்கள். மைதானத்தில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் பாதித் தொட்டில்கள் காலி.