ஒரே குரல் வேண்டாம், ஒரே தாளம் போதும்



போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றினோம். நானும் கை தூக்கினேன். முழு உடன்பாடா? இல்லை. முன்வரிசையில் நாலு கை எழும்பியது, பிறகு எனக்குப் பக்கத்தில் இருந்தவரின் கை, பிறகு என் கை. கேள்வி கேட்ட ஒரேயொரு தோழிக்குக் கிடைத்த பதில்: "இப்ப ஒற்றுமையைக் குழப்பாதேங்கோ." கடைசியில் அவவும் கை தூக்கினா. ரயிலில் திரும்பி வரேக்க, "நீ ஏன் பேசேல்ல?" எண்டு என்னைக் கேட்டா. அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. இதுதான் அந்தப் பதில்.

2000 ஜூன் 10. லண்டனில் தேம்ஸ் நதிக்கு மேல் மில்லேனியம் நடைபாலம் திறக்கப்பட்டது. சனம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. விழாமல் இருக்க ஆட்கள் அந்த ஆட்டத்துக்கு ஏற்றபடி கால் வைத்தார்கள். அப்படி வைத்த கால்களே ஆட்டத்தை இன்னும் கூட்டின. யாரும் கட்டளை போடவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் இரண்டே நாளில் பாலத்தை மூட வேண்டியதாப் போச்சு. அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பூட்டி, 2002இல்தான் திரும்பத் திறந்தார்கள். எங்கட கூட்டத்தில் அந்தத் தோழியின் கேள்விதான் அந்தக் கருவி. நாங்கள் அதைக் கழற்றி எறிஞ்சிட்டம்.

சேர்ந்து அசைவதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. 2009இல் பார்லிமென்ட் சதுக்கத்தில் அப்பாவின் தோளில் இருந்து கோஷம் போட்ட பிள்ளை நான். அந்தச் சத்தம்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. ஆனால் அது இரண்டு பக்கமும் வெட்டும். வில்டர்மத், ஹீத் என்ற ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள்: ஒரே அடியில் நடந்த ஆட்கள் பிறகு கூடுதலாக ஒத்துழைக்கிறார்கள். அதே வில்டர்மத் 2012இல் இன்னொன்றும் காட்டினார்: தன்னோடு அடி சேர்த்து நடந்தவர் கேட்டால், சின்னப் பூச்சிகளைக் கொல்லவும் ஆட்கள் கூடுதலாக இணங்குகிறார்கள். தோழமையைத் தந்த அதே நடை கீழ்ப்படிவையும் தருது.

"அப்ப ஆளாளுக்கு ஒரு பக்கம் போவமா?" எண்டு கேட்பீர்கள். இல்லை. அதுவும் ஏமாற்றுத்தான். அங்கே யாருக்குக் குரல் பெரிதோ அவரே தலைவர்.

சனிக்கிழமைகளில் மிருதங்கம் பழகின எல்லாருக்கும் தனி ஆவர்த்தனம் தெரியும். மிருதங்கம் ஒன்று சொல்லும். நல்ல கடக்காரர் அதை ஒப்பிக்கமாட்டார், மறுமொழி சொல்வார். இருவரும் தாளத்துக்குக் குறுக்கே போவார்கள், கேட்பவருக்கு வழி தவறிவிட்டது போலவே இருக்கும். கடைசிக் கோர்வையில் ஒன்றாக வந்து ஒரே இடத்தில் இறங்குவார்கள். தாளம் பொது, சொற்கட்டு அவரவருடையது. மற்றவரைக் கேட்காமல் இது நடக்காது.

இது மேடைக்கு மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. 1965இல் சிகாகோவில் முகல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் உள்ளிட்ட கறுப்பினக் கலைஞர்கள் ஏ.ஏ.சி.எம். என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். க்ளப் முதலாளிகளை நம்பியிராமல் தாங்களே கச்சேரி வைத்தார்கள், இளையோருக்கு இசைப் பள்ளி நடத்தினார்கள். உறுப்பினர் தங்கள் சொந்தப் படைப்பைக் கொண்டுவர வேண்டும் என்பதே அவர்களின் அடிப்படை. அந்தச் சங்கம் இன்றைக்கும் இருக்கு. வேறுபாடு அமைப்பை உடைக்கும் என்பவர்கள் இதுக்கு என்ன சொல்லப் போகினம்?

ஆகவே என் முன்மொழிவு. விவாதத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஒவ்வொருவரும் தனியே தாளில் எழுதுவோம், பெயர் சொல்லாமல் வாசிப்போம். கை தூக்குவதை விட்டுச் சீட்டில் வாக்களிப்போம். தோற்ற கருத்தையும் கூட்டக் குறிப்பில் பதிவோம். முடிவெடுத்த பிறகு தெருவில் ஒரே அடியில் நடப்போம், நானும் நடப்பேன்.

போன மாதத் தீர்மானத்திலிருந்தே தொடங்குவோம். அதைத் திரும்ப வாக்குக்கு விடுங்கோ. இந்த முன்மொழிவையும் தயவுசெய்து ஏகமனதாக ஏற்காதேங்கோ.