கூச்சலென்று தள்ளலாமா?

இக்காலத்து இளைஞர் செவியிற் செருகிக்கொண்டு கேட்கும் மேனாட்டு ‘ரொக்’ சங்கீதத்தை ‘வெறுங் கூச்சல்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது பெரியோர் வழக்கம். அது செவிக்கு இனியதா, இன்னாததா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அவ்வோசை எங்கே, யாருடைய கையிற் பிறந்தது என்பதைத் தோட்டத்து மக்களாகிய நாம் அறிந்துகொள்வது நன்று.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரம் இரும்புத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அதன் அஸ்டன் பகுதியிலே தொழிலாளர் குடும்பங்களிற் பிறந்த ஒஸி ஒஸ்போர்ன், ரொனி அயோமி, கீசர் பட்லர், பில் வோர்ட் என்னும் நால்வர் 1968 ஆம் ஆண்டில் ஓர் இசைக்குழுவை அமைத்தனர். ‘பிளக் சபத்’ என்று பின்னர் உலகறிந்த குழு அதுவே. பாடகரான ஒஸ்போர்ன் மாடறுக்கும் மடுவத்தில் வேலை பார்த்தவர். கிற்றார் வாசித்த அயோமி உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையிற் கூலியாள்.

அயோமிக்கு அப்போது பதினேழு வயது. இசையையே தொழிலாகக் கொள்ளத் துணிந்து, தொழிற்சாலைக்குச் சென்ற கடைசி நாள். அன்றுதான் யந்திரம் அவருடைய வலக்கையின் இரு விரல் நுனிகளைத் துண்டித்தது. இடக்கைப் பழக்கமுடையவராதலால், கிற்றார் நரம்பை அழுத்தவேண்டிய கை அதுவே. இனி வாசிக்க இயலாது என்றனர் வைத்தியர். தொழிற்சாலை மேற்பார்வையாளரோ ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரு விரல்கள் முடங்கிய பின்னும் பெரும்புகழ் பெற்ற கிற்றார் வித்துவான் அவர். அயோமி மனந்தேறினார். பிளாஸ்டிக் போத்தலொன்றை உருக்கி விரல்களுக்குக் கவசம் செய்து, அதன்மேல் தோலை ஒட்டினார். மெல்லிய நரம்புகளைப் பூட்டினார். பின்னர் அவற்றின் இழுவையையும் தளர்த்தினார். தளர்ந்த நரம்பு தாழ்ந்து கனத்து ஒலித்தது. ‘ஹெவி மெற்றல்’ என்னும் இசைக்கு அந்தக் கனமே அடையாளமாயிற்று.

1970 இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டை விமர்சகர் பலர் இகழ்ந்தனர். குழுவில் ஆட்கள் மாறினர். குடியும் போதையும் அவர்களை அலைக்கழித்ததும் உண்மை. அதனை மாணவர் பின்பற்றற்க. ஆயினும் 2019 இல் பேர்மிங்ஹாம் நகரம் ஒரு பாலத்துக்கு அக்குழுவின் பெயரைச் சூட்டியது. 2025 ஜூலை 5 ஆம் திகதி, தாம் வளர்ந்த அஸ்டனிலேயே, வில்லா பார்க் உதைபந்தாட்ட மைதானத்தில் அந்நால்வரும் இறுதியாக ஒன்றுகூடி வாசித்தனர். பார்க்கின்சன் நோயுற்றிருந்த ஒஸ்போர்ன் அமர்ந்தபடியே பாடினார். பதினேழு நாள்களின் பின் மறைந்தார்.

உழைப்பாளர் கையில் வளர்ந்த ஓசை நம்மிடமும் உண்டு. ஊவாத் தோட்டங்களில் அதிகாலையிற் பெரட்டுக்கு ஆளெழுப்பியது தப்பு. மாசியிற் காமன் கூத்தை ஆட்டுவிப்பது தப்பு. இறந்தவர்க்கு முன்னே நடந்து வழியனுப்புவதும் தப்பே. தளர்ந்த தோலை நெருப்பிற் காய்ச்சிச் சுருதி கூட்டும் அவ்வித்தை, தந்தையிடமிருந்து மகன் கேட்டுக் கேட்டே பயின்றது. அதை அடித்தவரையோ நாம் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். ஓசையிற் குற்றமில்லை, சாதியென்னும் நோயே அக்கருவியைத் தாழ்த்தியது. தந்தை தப்படிப்பவர் என்று வகுப்பறையிற் சொல்லக் கூசும் பிள்ளைகள் இன்றும் உளர்.

தன் தொழிலாளரின் ஓசையைத் தன் பெருமையென ஏற்கப் பேர்மிங்ஹாமுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. நம் முன்னோர் இம்மலைகளுக்கு வரத் தொடங்கி இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023 இல் நினைவுகூர்ந்தோம். இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது?

மாணவர்களே, உங்கள் தோட்டத்தில் தப்படிக்கும் பெரியவரிடம் சென்று, எந்தச் சடங்குக்கு எந்த அடி என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த கலைமகள் விழாவில் மிருதங்கத்தின் பக்கத்தில் தப்புக்கும் ஓரிடம் கேளுங்கள். மறுக்கும் பெரியோர் எவரேனும் இருப்பின், மறுப்பதற்குரிய காரணத்தை அவர் அம்மேடையில் ஏறி, எல்லோரும் கேட்க உரக்கச் சொல்லட்டும்.