பாடுகிற பெண்ணுக்கு சீரியல் ஆசை

கரியாலூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், நன்றாகப் பாடுவாளாம். "ஸ்கூல் ஆண்டு விழான்னா இவளைத்தான் மேடைல ஏத்துவாங்க. இப்ப என்னடான்னா, சீரியல்ல நடிக்கப் போறேன், பாட்டும் பாடுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. சென்னையிலேர்ந்து ஒருத்தர் போன்ல பேசினார். போட்டோ எடுக்க, பேரு பதிய இருபதாயிரம் கட்டணுமாம். இவ அப்பா மாட்டை வித்துடலாமாங்கறார். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, முதலில் மாட்டை விற்காதீர்கள். நடிக்க ஆள் எடுக்கிறவர்கள் நடிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பார்களே தவிர, அவரிடம் காசு கேட்க மாட்டார்கள். கேட்டால் அவர்கள் தொழில் வேறு. அந்த போன் நம்பரை இன்றோடு மறந்துவிடுங்கள்.

ஆனால் பெண்ணின் ஆசையையும் சேர்த்து மறக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாட்டும் நடிப்பும் சேர்ந்து வாய்த்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். அவளையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு படியுங்கள்.

நடிகை ஸ்ரீவித்யாவை உங்களுக்குத் தெரியும். 'தளபதி'யில் (1991) ரஜினிக்கு அம்மா. பேசுவதற்கு முன்பே பாதி சேதியைச் சொல்லிவிடும் பெரிய கண்கள். அவர் சங்கீத மேதை எம்.எல். வசந்தகுமாரியின் மகள் என்பது இந்தக் காலத்துப் பெண்களில் பலருக்குத் தெரியாது. பாட்டி லலிதாங்கியும் பாடகிதான். மூன்று தலைமுறைப் பாட்டு அந்த வீட்டில்.

பாட்டு இருந்ததே தவிர, பணம் இருந்ததா? ஸ்ரீவித்யா பிறந்தது 1953 ஜூலையில். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா 'விகடம்' கிருஷ்ணமூர்த்திக்கு முகத் தசைகளைப் பாதிக்கிற நோய் வந்து, நடிப்புத் தொழிலே நின்றுபோனது. குடும்பத்தைத் தாங்க அம்மா ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். பச்சைக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு மேடையில் உட்கார்ந்து ஆலாபனை செய்வதென்றால் அந்தத் தாயின் மனசு எப்படி இருந்திருக்கும்! காட்டு வேலைக்குப் போகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மகள் நாட்டியம் கற்று, 'திருவருட்செல்வர்' (1967) படத்தில் தலை காட்டி, 1975-இல் கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் பைரவியாக வந்தார். பைரவி ஒரு கர்நாடக சங்கீதப் பாடகி. பொருத்தம் பாருங்கள், எம்.எல்.வி.யின் மகளுக்குப் பாடகி வேஷம்! ஆனால் திரையில் பைரவிக்குப் பாடியவர் வாணி ஜெயராம். அந்தப் பாட்டுக்கு வாணி அம்மாவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது, தகும்தான். இருந்தாலும் பாடத் தெரிந்த ஒரு பெண் இன்னொருவர் குரலுக்கு வாயசைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் என்னவோ போலிருக்கிறது.

இன்னொன்றையும் உங்கள் மகள் தெரிந்துகொள்ளட்டும். அந்தப் படத்தில் அவருக்கு 22 வயது. அதற்குள் வயசு வந்த பெண்ணுக்குத் தாய்! அதே படத்தில் அவரைக் காதலிப்பவராக வந்த கமலுக்கு 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் அம்மா. புருஷனாக வந்த ரஜினிக்குத்தான் பிறகு 'தளபதி'யில் அம்மா. ஆண்கள் கதாநாயகர்களாகவே இருக்க, கூட நடித்தவள் அம்மாவாகிவிட்டாள். இந்தத் தொழிலில் பெண்ணின் வயசு வேறு கணக்கில் ஓடுகிறது.

தமிழ் அவரை அம்மாவாக்கியபோது மலையாளம் அவருக்கு நல்ல வேஷங்களைக் கொடுத்தது. கேரள அரசின் சிறந்த நடிகை விருதை 1979, 1983, 1992 என்று மூன்று முறை வாங்கினார். சொந்த வாழ்க்கையில் கல்யாணம் கசந்து விவாகரத்தில் முடிந்தது. தான் சம்பாதித்த சொத்துக்காக சுப்ரீம் கோர்ட் வரை போய் ஜெயிக்க வேண்டியிருந்தது. உங்கள் பெண் எந்த வேலைக்குப் போனாலும் சரி, பாங்குக் கணக்கு அவள் பேரில் இருக்கட்டும், பாஸ்புக் அவள் கையில் இருக்கட்டும்.

அவர் பாடவும் செய்தார். 'அயலத்தெ சுந்தரி' என்ற மலையாளப் படத்தில் பின்னணி பாடினார், தமிழில் 'அமரன்' (1992) படத்தில் பாடினார். திருவனந்தபுரத்து சூர்யா விழா மேடையிலும் பாடியிருக்கிறார். கடைசி வருஷங்களில் சினிமா குறைந்தபோது மலையாள சீரியல்களுக்கு வந்தார். 'அவிசாரிதம்' தொடருக்காக 2004-இல் கேரள அரசின் டெலிவிஷன் விருதும் வாங்கினார்.

சீரியலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் சாயங்காலம் அரை மணி நேரம் பார்க்கிறீர்கள். அதை எடுக்க அங்கே காலையிலிருந்து இரவு வரை விளக்கு வெளிச்சத்தில் நிற்க வேண்டும். தினமும் ஒளிபரப்பாகிற தொடர் என்றால் லீவு என்கிற பேச்சுக்கு இடமில்லை. சம்பளம் நாள் கணக்கில். கதையில் அந்தப் பாத்திரத்துக்கு வேலை இல்லாத மாதம் வீட்டிலும் வரும்படி இல்லை. இன்னொரு விஷயம், தமிழ்த் தொடர்கள் பலவற்றில் திரையில் தெரிவது ஒருத்தி, பேசுவது டப்பிங் கலைஞர். பேசவே சொந்தக் குரல் இல்லாத இடத்தில் பாட்டை யார் கேட்கப் போகிறார்கள்?

2003-இல் ஸ்ரீவித்யாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. வைத்தியத்துக்கு நடுவிலும் நடித்தார். 2006 அக்டோபர் 19 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார், 53 வயதில். கேரள அரசு மரியாதையோடு வழியனுப்பியது. அவர் எழுதி வைத்த உயிலில் என்ன கேட்டார் தெரியுமா? ஏழைப் பிள்ளைகளுக்கு சங்கீதமும் நாட்டியமும் சொல்லிக்கொடுக்கத் தன் சொத்தில் ஒரு பள்ளி. நாற்பது வருஷம் நடித்தவர் கடைசியில் அம்மா வீட்டுப் பாட்டுக்குத்தான் திரும்பிப் போயிருக்கிறார்.

ஆகவே உங்கள் மகள் முதலில் பிளஸ் டூவை முடிக்கட்டும். பிறகு பாட்டு. விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, தேவாரம், பரதநாட்டியம், நாதஸ்வரம், தவில் எல்லாம் உண்டு, மூன்று வருஷப் படிப்பு. கட்டணம் குறைவு. சேர்க்கை எப்போது, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். ஜாதிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் தாலுக்கா ஆபீசுக்குக் கடைசி நேரத்தில் ஓட வேண்டாம். முறையாகப் படித்த குரல் இருந்தால், அப்புறம் சீரியலில் கூப்பிட்டாலும் போகலாம், கூப்பிடாவிட்டாலும் பிழைக்கலாம்.

அப்புறம், இது உங்களுக்கு. மார்பில் வலியில்லாத கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசிவது, இதில் எது தென்பட்டாலும் "வலிக்கலையே"ன்னு சும்மா இருக்காதீர்கள். பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. அந்தக் கட்டத்தில் பார்த்தால் குணமாக்க வழி அதிகம். முப்பது வயசு தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே காசில்லாமல் பரிசோதிக்கிறார்கள். நர்ஸம்மாதான் பார்ப்பார், கூச்சம் வேண்டாம். சந்தேகம் என்றால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மலையிலிருந்து இறங்க ஒரு நாள் கூலி போகும்தான், போனால் போகட்டும்.

பார்த்துவிட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மகள் எந்தப் பாட்டை நன்றாகப் பாடுவாள் என்பதையும் சேர்த்து.