செய்தி சுமப்போரும் பொறுப்பாளிகளே

பிறர் பொருளைக் காத்து நிற்பது அமானிதம். பொருளைத் தொடாது, அதைப் பற்றிய செய்தியை மட்டும் சுமந்து செல்வோருக்கும் அப்பொறுப்பில் பங்குண்டு. பிட்காயினைப் பிணையாக வைத்து ஊதியம் பெறலாம் என்னும் ஸ்டேக்கிங் திட்டங்கள் நம் இளைஞர்களின் செவிகளில் விழும் இந்நாளில், இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

2009ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பிட்காயின் ஏடு, பிற பிளாக்செயின் ஏடுகளில் நிகழ்வதைத் தானாக அறியாது. ஓர் ஏட்டின் செய்தியை மற்றோர் ஏட்டிற்குக் கொண்டுசெல்ல, அவற்றிற்கு வெளியே இயங்கும் கணினி நிரல்கள் தேவை. ரிலேயர் எனப்படும் இத்தூதர்கள் இருவகையினர்.

முதல் வகையினரின் சொல்லை நம்பியே ஆகவேண்டும். 2022 மார்ச் மாதம் ரோனின் பாலத்தில் நிகழ்ந்த கொள்ளை இதன் ஆபத்தை உணர்த்திற்று. அங்கே பணத்தை விடுவிக்க 9 சாவிகளுள் 5 போதுமானவை. அவ்வைந்தும் திருடர் வசமாயின. 60 கோடி டாலருக்கு மேற்பட்ட செல்வம் பறிபோயிற்று. ஆறு நாள்கள்வரை எவரும் அதனை அறிந்திலர்!

இரண்டாம் வகையினரின் சொல்லைச் சோதித்தறியலாம். 2024 ஆகஸ்டில் பிட்காயினை ஏற்கத் தொடங்கிய பேபிலோன் திட்டம் இவ்வழியை மேற்கொண்டது. உடையவரின் பிட்காயின், பிட்காயின் ஏட்டிலேயே காலப்பூட்டிட்டு வைக்கப்படுகிறது. அவ்வேட்டின் பக்கத் தலைப்புகளைத் தூது நிரல்கள் பேபிலோனுக்கு அறிவிக்கின்றன. ஒவ்வொரு தலைப்பும் பெரும் மின்னாற்றல் செலவிட்ட கணக்கீட்டின் சான்றைத் தாங்கி வருவதால், பொய்யைப் புனைவது மிகக் கடினம். நேர்மையான தூதர் ஒருவர் இருப்பினும் செய்தி சென்று சேரும்.

ஆயினும், பொய்யுரைக்க இயலாத தூதரும் மௌனம் சாதிக்கலாம். அனைவரும் மௌனமானால் மறுபுறத்து ஏடு உண்மை நிலையை அறியாது நிற்கும். அன்றியும், நாம் தேர்ந்த சாட்சியாளர் முரணான இரு பதிவுகளுக்குக் கையொப்பமிட்டால், பிணையில் ஒரு பகுதி தண்டமாகக் கழியும். கிடைக்கும் ஊதியம் ஆகுமானதா என்பது மார்க்க அறிஞர்களிடம் கேட்டுத் தெளிய வேண்டிய தனி வினா.

எனவே, பணத்தை ஒப்படைக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள். செய்தி சுமப்போர் எத்தனை பேர்? அவர்கள் சொல்லைச் சோதிக்க வழியுண்டா? அவர்கள் மௌனமானால் நம் பொருள் என்னாகும்? இவற்றிற்குத் தெளிவான விடை கூறாத திட்டம், எத்துணை இலாபம் காட்டினும், குடும்பச் சேமிப்பை ஒப்படைக்கத் தகுந்ததன்று. சிந்திப்போமாக!